அக்கம்பக்கம் இல்லாத ஊர்

தப்பா எடுத்துக்காதீங்க சார், நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதைப் பொத்திக்கவா முடியும். மகன்தானே? குடும்பத்தோட ஊர் மாறப் போறாரு, எங்க போறதுன்னு முடிவாகலை. கைக்குழந்தை வேற. புனேவா, ஐதராபாத்தா, இல்லை ஓசூர்லயே இருந்துக்கலாமான்னு பேசிக்கிட்டிருந்தீங்க. தண்ணி எப்படி, ஸ்கூல் எப்படி, வாடகை எப்படின்னு. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. தண்ணியும் ஸ்கூலும் எந்த ஊர்லயும் ஏதோ ஒண்ணு கிடைச்சுரும் சார். குடும்பத்தோட போறவன் பாக்க வேண்டியது வேற.

நான் நாலு ஊர் பாத்தவன். அதான் சொல்றேன். இப்பதான் தொப்பூர் தாண்டியிருக்கு, ஓசூர் போக நேரம் இருக்கு. கேளுங்க, மகனுக்கு உதவும்.

எம் பேரு குணசீலன். விருதுநகர். லாரியை லோடோட ஏத்தி எடை போடுவாங்கல்ல, வேபிரிட்ஜ், அதுல எடை சரியாக் காட்டுதான்னு பாத்து ரிப்பேர் பண்ற வேலை. அரிசி மில், சர்க்கரை ஆலை, கிரானைட் யார்டு, எல்லா இடத்துலயும் அது உண்டு. அதனால கம்பெனிக்கு எல்லா ஊர்லயும் ஆள் வேணும். கூட வேலை பாக்கறவங்க எல்லாம் சொந்த ஊருக்குப் பக்கத்துல குடுங்கன்னு மேனேஜரைக் கெஞ்சுவாங்க. நான் ஒருத்தன்தான் தள்ளிப் போடுங்கன்னு கேப்பேன். அவருக்கே ஆச்சரியம். என்னப்பா, உனக்கு ஊரே பிடிக்காதாம்பாரு. ஊர் பிடிக்கும் சார். ஊர்ல இருக்கறவங்கதான்.

என் வீட்டுக்காரி சுகந்தி. அருப்புக்கோட்டைப் பொண்ணு. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் பஸ்ல முக்கால் மணி நேரம். அங்கதான் தப்புப் பண்ணினேன். பொண்ணு எடுக்கும்போதே தூரம் பாத்து எடுத்திருக்கணும். ஞாயித்துக்கிழமை ஆனா மாமியார் வந்துரும். கூடை நிறைய காய், பூ, பிள்ளை பிறந்ததுக்கப்புறம் பிள்ளைக்குத் தின்பண்டம். வந்து உக்காந்ததும் ஆரம்பிக்கும். என்னடி இளைச்சுட்டே, என்னடி கண்ணு வீங்கியிருக்கு, என்னடி முழுக்கைச் சட்டை போட்டிருக்கே இந்த வெயில்லன்னு. ஆறு நாள் வாயைத் திறக்காம ஒழுங்கா இருக்கறவ, அம்மா பஸ் ஏறிப் போனதும் அடுப்படியில நின்னு அழுவா. அப்ப தப்பு யாரு மேல? ஆறு நாள் ஒழுங்கா வச்சிருக்கறவன் மேலயா, ஏழாவது நாள் வந்து கிளறிவிடறவங்க மேலயா?

ஆனா நான் மாமியாரை ஒரு வார்த்தை பேசலை. வராதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது மரியாதை இல்லை. ஊரை மாத்தினேன். யாருக்கும் மனசு நோகலை, முடிஞ்சுது.

கரூர். அதை எப்படிப் புடிச்சேன்னு சொல்றேன், மகனுக்கு இதைத்தான் முக்கியமாச் சொல்லணும். ஒரு நோட்டுப் போட்டு ஊர் ஊரா எழுதினேன். அருப்புக்கோட்டையில இருந்து எத்தனை பஸ் மாறணும்? மதுரையில ஒண்ணு, திண்டுக்கல்ல ஒண்ணு. காலையில கிளம்பினா மத்தியானம் தாண்டிரும். அன்னைக்கே திரும்பறது சிரமம், தங்கத்தான் வேணும். அதனால வீட்டை ஒரே ரூமாப் பாத்தேன். தங்கறதுக்கு இடம் இல்லாட்டி எப்படி வருவாங்க? ரெண்டே தடவைதான் வந்துச்சு மாமியார். ரெண்டாவது தடவை வாசப்படியிலயே உக்காந்திருந்துட்டுப் போயிருச்சு. சுகந்தி கனிஷ்காவை இடுப்புல வச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் கூடப் போனா. கனிஷ்கா எங்க பொண்ணு. அப்ப ரெண்டு வயசு.

ஆனா கரூர்ல ஒண்ணை நான் யோசிக்கலை. சொந்தக்காரங்களைத்தான் கணக்குல எடுத்தேனே தவிர, அக்கம்பக்கத்தை எடுக்கலை. கீழ் வீட்டுல கோகிலான்னு ஒரு அம்மா. புருஷன் இல்லாத பொம்பளை. ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தலையணை உறை தைச்சுக் குடுக்கும். நான் வேலைக்குப் போனதும் சுகந்தி கீழ இறங்கிருவா போல. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா, மெஷின்ல உக்காந்து மடமடன்னு தைக்கிறா. யாரைக் கேட்டு இதெல்லாம்னேன். சும்மா பொழுது போகலைங்கன்னா. பொழுது போகாட்டி புருஷன்கிட்ட சொல்லணும். இறங்கக்கூடாதுன்னு சொன்னேன். அவளும் இறங்கலை. ஆனா அந்த அம்மா ஏறி வர ஆரம்பிச்சுது.

ஒரு நாள் காலையில நான் வண்டி எடுக்க இறங்கறேன், படியில வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. "தம்பி, நேத்து உங்க வீட்டுல சத்தம் கேட்டுச்சே"ன்னுச்சு.

டி.வி. ஓடிச்சு அக்கான்னேன்.

"உங்க வீட்டுல டி.வி. இல்லையே தம்பி"ன்னுச்சு.

பாத்தீங்களா? என் வீட்டுல என்ன இருக்கு, என்ன இல்லைங்கற கணக்கு வரைக்கும் அதுகிட்ட இருக்கு. அப்படிப்பட்ட இடத்துல எப்படிக் குடும்பம் நடத்த முடியும்? அந்த மாசமே நாமக்கல்லுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அங்க லாரி ஜாஸ்தி, வேபிரிட்ஜும் ஜாஸ்தி. வீடு தனி வீடு. ஒரு பக்கம் காலி மனை, ஒரு பக்கம் பூட்டின குடோன். அதுக்குத்தான் அலைஞ்சு பாத்தேன். பொண்டாட்டி பிள்ளைக்காக எவன் சார் இவ்வளவு அலைவான்?

நாமக்கல்ல ஒண்ணரை வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் சுகந்திக்கு மணிக்கட்டு முறிஞ்சுது. பாத்ரூம்ல வழுக்கிட்டா. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். பேர் குடுத்ததும் நான், எப்படி விழுந்தான்னு சொன்னதும் நான். அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. நான் சொல்லச் சொல்ல என்னைப் பாக்காம சுகந்தியையே பாத்துக்கிட்டிருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னுச்சு.

நான் அவ புருஷன் மேடம்னேன்.

"தெரியுது. அதனாலதான் வெளிய இருக்கச் சொல்றேன்"னுச்சு.

பதினோரு நிமிஷம் சார். கதவைப் பாக்கறதும் வாட்ச்சைப் பாக்கறதுமா நின்னேன். கனிஷ்கா என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. வலிக்குதுப்பான்னு சொன்னப்போதான் எவ்வளவு அழுத்திப் புடிச்சிருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது. சுகந்தி வெளிய வந்தா. என்ன கேட்டாங்கன்னேன். மாத்திரை எப்ப எப்ப போடணும்னு சொன்னாங்கன்னா. பதினோரு நிமிஷமா மாத்திரையைப் பத்திச் சொல்லுவாங்க? வீட்டுக்கு வந்து கேட்டேன். வேற மாதிரியும் கேட்டுப் பாத்தேன். எப்படிக் கேட்டாலும் மாத்திரை, மாத்திரைன்னே சொன்னா. அப்புறம் கட்டுப் போட்டிருந்த துணிக்குள்ள ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. பேர் இல்லை, ஒரு நம்பர் மட்டும். கிழிச்சு அடுப்புல போட்டேன். அதோட போனையும் வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு போன்?

அன்னைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. நான் தூரத்தைப் பாத்தேன், அக்கம்பக்கத்தைப் பாத்தேன். ஆனா தமிழ் பேசற ஊரா இருந்தா எவனாவது ஒருத்தன், எவளாவது ஒருத்தி வந்து கேக்கத்தான் செய்வாங்க. என்னம்மா ஆச்சுன்னு. அந்த ஒரு கேள்வியிலதான் சார் குடும்பம் கெடுது. மொழி தெரியாத ஊருக்குப் போயிட்டா? எவன் கேப்பான், இவ என்ன பதில் சொல்லுவா?

சித்ரதுர்கா. கர்நாடகா. சின்ன ஊரு, சுத்தி மலை, பெரிய கோட்டை. காத்தாடி சுத்திக்கிட்டே இருக்கும் மலை மேலல்லாம், கரண்ட் எடுக்கறதுக்கு. சுகந்தியும் ஜன்னல்ல நின்னு அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பா. வேற என்ன செய்வா, பேச ஆள் கிடையாது. கனிஷ்காவை அங்க ஸ்கூல்ல சேத்தேன். நாலே மாசத்துல பிள்ளை பொரிஞ்சு தள்ளிருச்சு கன்னடத்துல. வீட்டுல கன்னடம் பேசக்கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லியிருந்தேன். தாய்மொழி மறந்துரும்ல. என் முன்னாடி பேசாது. நல்ல பிள்ளை. என் முன்னாடி எதுவுமே பேசாது.

ரெண்டு நாள் தாவணகெரேயில ஒரு மில்லுல வேலை. முடிச்சுட்டு சாயங்காலம் வந்து சேர்றேன், வீடு பூட்டியிருக்கு. கொடியில துணி காயுது. என் சட்டை, அவ சேலை, பிள்ளையோட யூனிஃபார்ம். சரி, கடைக்குப் போயிருப்பாங்கன்னு வாசல்ல உக்காந்தேன். துணியைத் தொட்டுப் பாத்தேன். முறுகிப் போயிருந்துச்சு. ஒரு நாள் வெயில் இல்லை சார் அது, ரெண்டு நாள் வெயில். நான் கிளம்பின அன்னைக்கே துவைச்சு, காயப்போட்டு, பாக்கறவங்களுக்கு வீட்டுல ஆள் இருக்கற மாதிரி வச்சுட்டுப் போயிருக்கா.

எதிர்ல பால் பூத்துக்காரர் கூப்பிட்டு சாவியைக் குடுத்தாரு. அவருக்கு அரைகுறைத் தமிழ் வரும். "உங்க மனையம்மா குடுத்தாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போறேன், வந்தா குடுங்கன்னாங்க"ன்னாரு. அவளுக்குத் தமிழைத் தவிர ஒண்ணும் தெரியாதே, எப்படிச் சொன்னான்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. "நல்லாக் கன்னடம் பேசுவாங்களே. ஒரு வருஷமா எங்கிட்ட கன்னடத்துலதான் பேசறாங்க"ன்னாரு.

ஆறு வயசுப் பிள்ளை சார். ஸ்கூல்ல படிச்சதைக் கொண்டுவந்து அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. நான் இல்லாத நேரம் பாத்து. பஸ்ஸு எத்தனை மணிக்கு, எங்க நிக்கும், டிக்கெட் எவ்வளவு. இதெல்லாம் எப்படிக் கேக்கணும்னு. ரெண்டு பேரும் என் சோத்தைத் தின்னுட்டு, எனக்கு எதிர்ல சும்மா உக்காந்திருந்திருக்காங்க. பிள்ளையோட புத்தகத்தை எல்லாம் அலமாரியில அடுக்கி வச்சுட்டு, வெறும் ஸ்கூல் பையில துணியைத் திணிச்சு எடுத்துட்டுப் போயிருக்கா. வேற ஒண்ணும் எடுக்கலை.

நேரா அருப்புக்கோட்டைக்குப் போனேன். வேற எங்க போவா? மூணு நாள் மாமியார் வீட்டுக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்திருந்தேன். சத்தம் போடலை, ஒண்ணும் போடலை. சும்மா உக்காந்திருந்தேன். மூணாவது நாள் அதுவே வெளிய வந்துச்சு. முடியெல்லாம் கலைஞ்சு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து என் முன்னாடி நின்னுச்சு. "எங்கிட்ட அவ சொல்லலைய்யா. உள்ள வந்து பாத்துக்க. சொல்லாமத்தான் போயிருக்கா. நல்லவேளை சொல்லலை"ன்னுச்சு.

இதுல நல்லவேளை எங்க வந்துச்சு? மக எங்க இருக்கான்னு தெரியலை, அது நல்லவேளையாம். அந்த வீட்டுல எல்லாருக்குமே ஏதோ கோளாறுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

கரூருக்குப் போனேன். கோகிலா கதவைத் திறந்து என்னைப் பாத்துட்டு அப்படியே சாத்திருச்சு. நாமக்கல்லுக்குப் போனேன். திருப்பூர்ல தையல் கம்பெனிகளுக்கு வெளிய ஷிஃப்ட் விடற நேரமா ஒரு மாசம் நின்னேன். பதினோரு மாசம் சார். சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை. லீவு எல்லாம் தீந்துபோச்சு. நான் பட்ட பாட்டை ஒருத்தரும் கேக்கலை. எல்லாரும் அவ எங்க, பிள்ளை எங்கன்னுதான் கேக்கறாங்க.

கடைசியில ஸ்கூல்தான் காட்டிக்குடுத்துச்சு. சித்ரதுர்காவுல பிள்ளை படிச்ச ஸ்கூலுக்கு மாசம் ஒரு தடவை போய்க் கேட்டுக்கிட்டே இருப்பேன். இந்த மாசம் போனப்போ அங்க கிளார்க்கு, "நீங்களே வாங்கிக்கறீங்களா, இல்லை தபால்ல அனுப்பிரவா?"ன்னாரு. என்னன்னு கேட்டா டி.சி. ஓசூர்ல ஒரு ஸ்கூல்ல இருந்து கேட்டு எழுதியிருக்காங்க. அப்பாங்கற முறையில அட்ரஸைக் கேட்டேன், குடுத்துட்டாரு.

ஓசூர். பஸ்ஸுல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன், ஏன் ஓசூர்? அங்க அவளுக்கு ஒரு சொந்தக்காரன் கிடையாது. நான் முதல்ல தேடற எந்த ஊரும் இல்லை. தமிழும் பேசலாம், கன்னடமும் பேசலாம். தையல் தெரிஞ்ச பொம்பளைக்கு கார்மெண்ட்ஸ்ல வேலை உண்டு. தங்க லேடீஸ் ஹாஸ்டல் உண்டு. சித்ரதுர்காவுல இருந்து பெங்களூர் வந்து ஒரே ஒரு பஸ் மாறினா போதும். நான் எப்படி நோட்டுப் போட்டுப் பாப்பேனோ அப்படிப் பாத்திருக்கா சார். ஒண்ணு விடலை. எட்டு வருஷம் எங்கூட இருந்ததுக்கு அதையாவது கத்துக்கிட்டா.

முந்தாநாள் போனேன். செவ்வாய்க்கிழமை. ராயக்கோட்டை ரோட்டுல உள்ள தள்ளி ஒரு சின்ன ஸ்கூல். விடற நேரத்துக்கு கேட்டுக்கு வெளிய நின்னேன். பெல் அடிச்சு பிள்ளைங்க வருது. கனிஷ்காவை எனக்குச் சட்டுனு அடையாளம் தெரியலை. வளந்திருச்சு. முடியைக் குட்டையா வெட்டியிருக்காங்க, பையன் மாதிரி. யாரோ ஒரு பிள்ளையோட தோள்ல கை போட்டு சிரிச்சுக்கிட்டே வருது. அது அப்படிச் சத்தமாச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. அதனாலயும் அடையாளம் தெரியலை.

கனின்னு கூப்பிட்டேன்.

நின்னுச்சு. சிரிப்பு நின்னுபோச்சு. என்னையே பாக்குது. ஓடி வரும்னு பாத்தேன். வரலை. பக்கத்துல ஒரு டீச்சர் நின்னுக்கிட்டிருந்துச்சு, அது கேட்டுச்சு, "யாரும்மா இவங்க? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மிஸ்"னுச்சு.

கனி, அப்பாடான்னேன். கையை நீட்டினேன். அது டீச்சருக்குப் பின்னாடி போயிருச்சு. போயி, சேலையைப் புடிச்சுக்கிட்டு, எனக்குப் புரியக்கூடாதுன்னு, கன்னடத்துல சொல்லுது. "கேட் ஹாக்கி மிஸ், கேட் ஹாக்கி." கேட்டைச் சாத்துங்கன்னு. எனக்கு அவ்வளவு கன்னடம் தெரியாதுன்னு நினைச்சிருக்கு. ஒரு வருஷம் அந்த ஊர்ல நானும்தானே இருந்தேன்.

இன்னொண்ணு சொல்றேன் சார், சொல்ல எனக்கே கேவலமா இருக்கு. பாவாடை நனைஞ்சிருந்துச்சு. நின்ன இடத்துலயே. ஏழு வயசுப் பிள்ளை, ஸ்கூல் வாசல்ல, எல்லாரும் பாக்க. இதுதான் அவ அம்மா வளக்கற லட்சணம். எங்கூட இருந்தவரைக்கும் ஒழுங்கா இருந்த பிள்ளை.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்திட்டான். ஹெட்மிஸ்ட்ரஸ் வெளிய வந்துச்சு, வயசானவங்க. நான் கத்தலை. மரியாதையாத்தான் பேசினேன். நான்தான் அப்பா, பிள்ளைக்கு மறந்துபோச்சுன்னேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அப்பான்னா அதுக்கு ஆதாரம் கொண்டுவாங்க. பேப்பர் இல்லாம பிள்ளையைக் காட்டக்கூட முடியாது"ன்னாங்க. நியாயம்தானே. அப்படியே பஸ் ஏறி விருதுநகர் போய், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வர்றேன். இதோ இந்தப் பையிலதான். பிறப்புச் சர்டிபிகேட். அப்பா பேரு எஸ். குணசீலன். ரேஷன் கார்டு. கல்யாண போட்டோ. பிள்ளைக்கு மொட்டை போட்டப்போ எடுத்தது ஒண்ணு, என் மடியில உக்காந்திருக்கு பாருங்க. அழுதுக்கிட்டிருக்கு, மொட்டை போட்டா எல்லாப் பிள்ளையும் அழும். இன்னைக்கு மூணரைக்கு ஸ்கூல் விடும். இந்தத் தடவை தெரியாதுன்னு சொல்ல முடியாது.

அவளா? சுகந்தி எங்க தங்கியிருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பிள்ளை என் கையில வந்துட்டா அவ தானா வந்துருவா. முதல்லயும் அப்படித்தான். கரூர்ல ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா. நான் பின்னாடி ஓடலை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னேன். அவ்வளவுதான். யாரோ போய்ச் சொல்லி, அரை மணி நேரத்துல திரும்ப வந்துட்டா.

அப்புறம் என்னன்னு கேக்கறீங்களா? அதெல்லாம் யோசிக்காமலா வருவேன். ஓசூர்ல ஒரு நாள் கூட இருக்கப் போறதில்லை. நாந்தேட். மகாராஷ்டிரா சார் அது, எல்லையிலயே இருக்கு, சர்க்கரை ஆலை நிறைய. கன்னடத்தைத்தான் ரெண்டு பேரும் கத்துக்கிட்டாங்களே, அதனால கர்நாடகா இனி ஆகாது. மராட்டி எப்படியும் ரெண்டு மூணு வருஷம் ஆகும். பிள்ளையை ஸ்கூல்ல சேக்கப் போறதில்லை. ஸ்கூல்ல இருந்துதான் எல்லாம் வீட்டுக்குள்ள வருது. நானே சொல்லிக் குடுத்துக்கறேன். எப்படியும் கிடைச்சுருவாங்கன்னு போன மாசமே போய் வீடு பாத்துட்டேன். சுத்தி கரும்புக் காடு. அக்கம்பக்கம்னு சொல்ல ஒரு வீடு கிடையாது, நடந்தா ஒரு கிலோமீட்டர்ல ஒரு பம்ப் செட்டு. வீட்டுக்காரர் நல்ல மனுஷன், மும்பையில இருக்காரு, வரவே மாட்டாரு. அவர்கிட்ட ஒரே ஒரு வேலைதான் செஞ்சு தரச் சொன்னேன். உள் ரூமு கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்துச்சு. அதைக் கழட்டி வெளிப்பக்கம் போடச் சொன்னேன். பிள்ளை இருக்கற வீடு பாருங்க. உள்ள போட்டுக்கிட்டு திறக்கத் தெரியாம மாட்டிக்கிட்டா ஆபத்து.

ஸ்கூல் பேரா? எதுக்கு சார்? ஓ, ஓசூர்ல மகனைத் தவிர வேற ஆளும் இருக்காங்களா. சொல்றேன், எழுதிக்கிறீங்களா. ராயக்கோட்டை ரோட்டுல தண்ணித் தொட்டிக்கு எதிர்ச் சந்து, அங்க அந்த ஒரு ஸ்கூல்தான். கனிஷ்கா, ரெண்டாங் கிளாஸ், பி செக்‌ஷன். அம்மா பேரு சுகந்தி. ஆமா, மூணரை.

கிருஷ்ணகிரி வந்துருச்சு. பத்து நிமிஷம் நிக்கும்னு சொல்றான். நீங்க இறங்கிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்.

வந்துட்டீங்களா. டீ குடிக்கலை போலிருக்கே? ஜன்னல் வழியாப் பாத்தேன், அந்தத் தூண்கிட்ட நின்னு போன்லயே இருந்தீங்க. பஸ்ஸை எடுத்துருவானோன்னு எனக்குத்தான் பதட்டம்.

உங்க மச்சானா? ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கறேன்னாரா. நீங்க சொன்ன உடனே வர்றாரே, பெரிய மனசு. ஸ்கூலுக்கு அவரே வண்டியில கூட்டிட்டுப் போறாரா. ரெண்டு பேரைக் கூட கூட்டிட்டு வர்றாரா, எதுக்கு ரெண்டு பேரு? சரி சரி. உள்ளூர் ஆளுங்க கூட இருந்தா ஹெட்மிஸ்ட்ரஸ் பேசாமக் குடுத்துருவாங்க, அதுவும் சரிதான். நான் ஒத்தையாப் போனதாலதான் அன்னைக்கு மிரட்டிப் பாத்துட்டாங்க.

மனசு லேசாயிருச்சு சார். ஒரு வருஷமா எங்க போனாலும் முறைச்சுப் பாக்கறவங்களையே பாத்துட்டேன். நீங்க ஒருத்தர்தான் சேலத்துல ஏறினதுல இருந்து குறுக்க ஒரு வார்த்தை பேசாம எல்லாத்தையும் கேட்டீங்க. முகத்தைச் சுளிக்கலை, ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கேக்கலை. சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டினீங்க. இப்படி இருந்தா எனக்குப் பிடிக்கும். சுகந்தி கூட அங்க சித்ரதுர்காவுல கடைசி மூணு மாசம் இப்படித்தான் இருந்தா. அதுதான் நாங்க சந்தோஷமா இருந்த காலமே. ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவா, சரிங்க, சரிங்கன்னு...

சார்.

உங்க மச்சான் என்ன வேலை பாக்கறாருன்னு சொன்னீங்க?